கலிஃபோர்னியாவில் வீட்டு நீச்சல் குளம்: பெர்மிட் கட்டணத்தில் எங்கே தவறுகிறோம்

வீட்டுக் கொல்லையில் நீச்சல் குளம் கட்ட நினைப்பவர்கள் பில்டரிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பெர்மிட்டுக்கு (கட்டுமான அனுமதிக்கு) எவ்வளவு ஆகும்?" அவரும் ஒரு தொகை சொல்வார். அது ஒப்பந்தத்தில் ஒரு வரியாக ஏறும், கையெழுத்தும் ஆகிவிடும். பிற்பாடு வரும் மனக்கசப்பில் பாதி இந்த ஒரு வரியால் வருவதுதான். சிட்டிக்கும் மாநிலத்துக்கும் போகிற பணம், படம் வரைபவருக்கான கூலி, பில்டரின் ஆள் அலைவதற்கான கூலி என்று எல்லாமே அதற்குள் கலந்திருக்கலாம். சேர்த்திருக்க வேண்டிய சில விட்டும் போயிருக்கலாம். ஆகவே தொகையைக் கேட்பதோடு நிறுத்தாமல், அது எதற்கெல்லாம், யார் கட்டுவது, கூடினால் யார் பொறுப்பு என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்பு, உங்கள் வீட்டுக்கு பெர்மிட் தருவது யார் என்று பாருங்கள். முகவரியில் சான் ஹோசே என்று இருந்தால் சான் ஹோசே சிட்டிதான் தரும் என்று இல்லை. தபால் முகவரி நகரத்தின் பெயரில் இருந்தாலும், வீடு நகர எல்லைக்கு வெளியே, மாவட்டம் போன்ற கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் இருக்கலாம். அப்போது கட்டண அட்டவணையே வேறு. பக்கத்து ஊர் நண்பர் கட்டிய தொகையை வைத்து நம் பட்ஜெட்டைப் போடுவது சரிவராததற்கும் இதுதான் காரணம். மலைச்சரிவில் வீடு என்றால் மண் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக்குக் கவுண்டி சுகாதாரத் துறையின் ஒப்புதலும் தேவைப்படலாம். இவற்றுக்கெல்லாம் தனித்தனிச் செலவு உண்டு.

ரசீதில் என்ன இருக்கும்

பெரிய தொகைகள் இரண்டு. ஒன்று பிளான் செக், அதாவது உங்கள் வரைபடத்தையும் கட்டமைப்புக் கணக்கையும் சரிபார்ப்பதற்கான கட்டணம். இன்னொன்று, பெர்மிட்டை வழங்கி இன்ஸ்பெக்டரை அனுப்புவதற்கான கட்டணம். மின்சாரம், குழாய் வேலை, ஹீட்டருக்கான கேஸ் லைன் ஆகியவற்றுக்குச் சில இடங்களில் தனி பெர்மிட், சில இடங்களில் எல்லாம் சேர்த்து ஒன்று. குளத்துக்கு ஒரே நிலையான கட்டணம் வாங்கும் ஊர்களும் உண்டு, வேலையின் மதிப்பை வைத்துக் கணக்கிடும் ஊர்களும் உண்டு.

இவற்றோடு மாநிலத்தின் பெயரில் ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிலநடுக்க அதிர்வுகளைப் பதிவு செய்யும் திட்டத்துக்காக வீடுகளிடம் வாங்குவது, வேலை மதிப்பில் ஒவ்வொரு 1,00,000 டாலருக்கும் 13 டாலர். கட்டட விதிகளுக்கான மாநில நிதிக்கு 25,000 டாலருக்கு 1 டாலர். ஆக 1,00,000 டாலர் குளத்துக்கு இரண்டும் சேர்ந்து 17 டாலர்தான். பேரம் பேச இங்கே ஒன்றுமில்லை. கவனம் போக வேண்டியது பிளான் செக் வரிக்குத்தான். முதல் முறையிலேயே படம் சரியாக இல்லாவிட்டால் திருத்தம், மறுபார்வை என்று நீளும். குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் போனால் பல ஊர்களில் மணிக்கணக்கில் கட்டணம் போடுவார்கள். பில்டர் தன் குள வடிவமைப்புக்கு அந்த ஊரில் ஏற்கெனவே பொது ஒப்புதல் வாங்கி வைத்திருந்தால் இந்தச் செலவு கணிசமாகக் குறையக்கூடும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும், ஆனால் கேட்பவர்கள் குறைவு.

கட்டண அட்டவணை ஒன்றும் ரகசியமல்ல. சேவைக்கு ஆகும் நியாயமான செலவுக்கு மேல் பெர்மிட் கட்டணம் வாங்கக் கூடாது என்பது கலிஃபோர்னியச் சட்டம். அட்டவணை சிட்டியின் இணையதளத்தில் இருக்கும். கவுன்டரில் கேட்டால் உத்தேச மதிப்பீடும் தருவார்கள். பில்டர் சொன்ன தொகையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலையின் மதிப்பைக் குறைத்துக் காட்டினால் கட்டணம் குறையும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மதிப்பைக் கடைசியாக முடிவு செய்யும் அதிகாரம் கட்டட அதிகாரிக்குத்தான் இருக்கிறது. அவர்களிடம் சொந்தக் கணக்கும் உண்டு. சில நூறு டாலரை மிச்சம் பிடிக்க அரசுப் படிவத்தில் தவறான தகவலுக்குக் கீழே நம் பெயரைப் போடுவது, அதிலும் விசாவில் இருப்பவர்கள் போடுவது, எந்த விதத்திலும் தகாது.

"நீங்களே பெர்மிட் எடுத்துவிடுங்கள், மலிவு"

இதைச் சொல்லும் பில்டரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஓனர் பில்டர், அதாவது வீட்டுக்காரரே கட்டுபவர் என்று நீங்கள் கையெழுத்திட்டால் வேலையின் பொறுப்பு உங்கள் தலையில் வந்துவிடும். வேலையாளுக்குக் காயம் பட்டு, அவருக்குக் காப்பீடு இல்லையென்றால் கேள்வி உங்களிடம் வரும். குளம் கட்டுபவருக்கு மாநிலத்தின் சி-53 உரிமம் இருக்க வேண்டும். உரிமத்தின் நிலவரத்தை மாநில ஒப்பந்ததாரர் வாரியத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உரிமத்தில் சிக்கல் உள்ளவர்தான் பெரும்பாலும் பெர்மிட்டை வீட்டுக்காரர் பெயரில் எடுக்கச் சொல்வார்.

முன்பணத்துக்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. சிறப்புப் பிணைப் பத்திரம் வைத்திருக்கும் சிலருக்கு மட்டும் விலக்கு. குளம் என்றால் 10 சதவீதம் எப்படியும் 1,000 டாலரைத் தாண்டிவிடும், ஆகவே 1,000 டாலர்தான் கணக்கு. பெர்மிட் செலவு என்று சொல்லி அதற்கு மேல் கேட்டால், சிட்டிக்குக் கட்ட வேண்டியதை நானே நேராகக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

வேலியை மறப்பது

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான். 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக்கு அமெரிக்காவில் முதல் காரணம் நீரில் மூழ்குவது. அதனால்தான் 2018 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில், புதிய குளமானாலும் பழைய குளத்தைப் புதுப்பித்தாலும், சட்டம் சொல்லும் ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். குளத்தை வீட்டிலிருந்து பிரிக்கும் வேலி, கழற்றி மாட்டும் வலை வேலி, தரச்சான்று பெற்ற பாதுகாப்பு மூடி, குளத்துக்குப் போகும் கதவுகளில் அலாரம், தானே மூடித் தாழிடும் கதவு, தண்ணீரில் யாராவது விழுந்தால் ஒலிக்கும் அலாரம் ஆகியவை அந்தப் பட்டியலில் வரும். வேலி என்றால் உயரம் குறைந்தது 60 அங்குலம். கேட் குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து, தானே மூடிக்கொள்ள வேண்டும்.

குள ஒப்பந்தத்தில் இது பெரும்பாலும் "வீட்டுக்காரர் பொறுப்பு" என்று ஒரு மூலையில் இருக்கும். நாமும் குளம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவோம். ஆனால் பூச்சு வேலைக்கும் தண்ணீர் நிரப்புவதற்கும் முந்தைய இன்ஸ்பெக்ஷனிலேயே பல ஊர்களில் இவற்றைப் பார்ப்பார்கள். இல்லையென்றால் அன்று தேறாது. மறு இன்ஸ்பெக்ஷன் கட்டணம் ஒரு பக்கம், பூச்சுக் குழு அடுத்த வேலைக்குப் போய்விடுவது இன்னொரு பக்கம். வேலிச் செலவையும் கதவு அலாரத்தையும் முதல் நாள் பட்ஜெட்டிலேயே எழுதுங்கள். சின்னக் குழந்தைகளோ வந்துபோகும் பேரப்பிள்ளைகளோ இருக்கும் வீட்டில் இரண்டோடு நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

கட்டணத்துக்கு ஈடாக நமக்குக் கிடைப்பதும் இந்த இன்ஸ்பெக்ஷன்கள்தான். கான்கிரீட் அடிப்பதற்கு முன்பு வரும் இன்ஸ்பெக்டர் கம்பிக் கட்டையும் குழாய்களின் அழுத்தச் சோதனையையும் பார்ப்பார். குளத்தைச் சுற்றியுள்ள எல்லா உலோகத்தையும் செம்புக் கம்பியால் இணைத்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார். தண்ணீரில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி ஏற்படாமல் காப்பது அந்த இணைப்பு. கான்கிரீட் போட்ட பிறகு அதை யாராலும் பார்க்க முடியாது.

பெர்மிட்டோடு நிற்காத செலவு

பெர்மிட் தகவல், வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அதிகாரியான கவுண்டி அசெஸ்ஸருக்குப் போகும். 1978-இல் வந்த 13-ஆம் தீர்மானம் (Proposition 13) என்ற மாநிலச் சட்டத்தின்படி வீட்டு வரியின் அடிப்படை விகிதம் 1 சதவீதம், வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. புதுக் கட்டுமானம் நடந்தால் அதன் மதிப்பு மட்டும் கூடுதலாகச் சேரும். குளம் கட்டினால் வீடு முழுவதற்கும் புது மதிப்புப் போட்டுவிடுவார்கள் என்று பயப்படுபவர்கள் நிறைய. அப்படி இல்லை, வீட்டின் பழைய மதிப்பு அப்படியே இருக்கும். ஆனால் குளத்தால் 80,000 டாலர் கூடியதாக அசெஸ்ஸர் முடிவு செய்தால் ஆண்டுக்கு 800 டாலரும் உள்ளூர் வரிகளும் தொடர்ந்து கட்ட வேண்டியிருக்கும். சில ஆண்டுகளில் இது பெர்மிட் கட்டணத்தைத் தாண்டக்கூடும். முதல் ஆண்டில் துணை வரி பில் ஒன்று தனியாகவும் வரும். அது பொதுவாக வீட்டுக்காரருக்கே வருவது. வீட்டுக் கடன் தவணையோடு வரிக்காகச் சேர்த்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து பேங்க் கட்டிக்கொள்ளும் என்று உறையைப் பிரிக்காமல் வைத்துவிட்டால் அபராதம்தான்.

இந்த வரிக்குப் பயந்து பெர்மிட்டே இல்லாமல் கட்டுவதும் நடக்கிறது. தெரிந்துவிட்டால் பல ஊர்களில் இரட்டிப்புக் கட்டணம். அதைவிட மோசம், உள்ளே இருக்கும் கம்பியைக் காட்ட கான்கிரீட்டை உடைக்கச் சொல்லலாம். வீட்டை விற்கும்போது பெர்மிட் இல்லாத வேலைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டிய படிவமும் காத்திருக்கிறது.

ஹெச்ஓஏ, அதாவது குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதல் முற்றிலும் தனி. சிட்டி பெர்மிட் கொடுத்தாலும் அவர்கள் மறுக்கலாம். பிளான் செக்குக்குக் கட்டிய பணம், பார்த்து முடித்த பின் பொதுவாகத் திரும்ப வராது. ஆகவே ஹெச்ஓஏவிடம் முதலில் போங்கள். அதேபோல, தோண்டுவதற்குக் குறைந்தது இரண்டு வேலை நாட்களுக்கு முன்பு, நிலத்தடிக் குழாய்கள், கம்பிகள் இருக்கும் இடத்தைக் குறித்துத் தரும் 811 என்ற தொலைபேசிச் சேவைக்குச் சொல்ல வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. பில்டர் சொல்லிவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குளத்தில் இறங்கிக் குளிக்கத் தொடங்கியபின் இறுதி இன்ஸ்பெக்ஷனை மறந்துவிடுவது சகஜம். வேலை நின்றுபோய் நாளாகிவிட்டால் பெர்மிட் காலாவதியாகி, மறுபடி கட்டணம் கட்ட வேண்டிவரும். பில்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், சிட்டியின் பதிவில் வேலை முடிந்ததாக ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கட்டடக் கழிவுக்காக டெபாசிட் வாங்கும் ஊராக இருந்தால், கழிவு கொட்டிய ரசீதுகளை பில்டரிடம் வாங்கி விண்ணப்பியுங்கள். கேட்டால்தான் அந்தப் பணம் திரும்பும்.