கதவணை ஓரம் பரிசல் ஏறும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூருக்குக் கீழே காவிரி தன் இஷ்டத்துக்கு ஓடுவதில்லை. செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று அடுத்தடுத்துக் கதவணைகள், அதாவது மதகுகளால் ஆற்றை மறித்துத் தேக்கும் தாழ்வான அணைகள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்நிலையம். தண்ணீர் எப்போது தேங்கும், எப்போது பாயும் என்பது பவர் ஹவுஸின் கையில் இருக்கிறது. இதை மறந்துவிட்டுத்தான் பலர் பரிசலில் கால் வைக்கிறார்கள்.

"மழையே இல்லையே, வெள்ளம் எங்கிருந்து வரும்?" என்ற நினைப்புதான் ஆகப் பெரிய தவறு. கொளுத்தும் வெயிலிலும் இங்கே ஆறு ஏறும். மின்தேவை கூடினால் டர்பைன் ஓடும், கீழே நீர்மட்டம் உயரும். டர்பைனை நிறுத்தினாலும் ஆபத்து உண்டு. அதுவரை அதன் வழியே போன தண்ணீரை மதகு வழியே விட வேண்டி வரும். 2014 ஜூன் 8 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில், லார்ஜி நீர்மின் திட்டத்தின் அணையிலிருந்து திறந்த தண்ணீர் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. அவர்கள் படகில்கூட ஏறவில்லை. ஆற்றங்கரையில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் கிளம்பும் முன் வானிலையோடு நீர்வரத்தையும் பாருங்கள். ஒகேனக்கல் என்றால், தமிழக எல்லையில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று செய்தியில் வரும். ஒரு கன அடி என்பது விநாடிக்கு சுமார் 28 லிட்டர். 20,000 கன அடி என்று படித்தால், விநாடிக்கு ஐந்தரை லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது என்று பொருள். பரிசலுக்குத் தடை போட்ட நாளில், "கொஞ்சம் கூடக் கொடுக்கிறேன், வேறு துறையில் இறக்கிவிடுங்கள் அண்ணா" என்று பரிசல்காரரை நச்சரிக்காதீர்கள்.

கதவணைக்கு மேல்பக்கம் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். பூலாம்பட்டிக்கும் நெருஞ்சிப்பேட்டைக்கும் இடையே விசைப்படகு போவதே அந்தத் தேக்கத்தில்தான். மேலே அசைவில்லாவிட்டாலும், மதகும் மின்நிலைய வாயும் அடியில் இழுத்துக்கொண்டே இருக்கும். துடுப்பு கை நழுவினாலோ மோட்டார் நின்றாலோ அந்த இழுப்பு படகைக் கொண்டுபோய்விடும். மிதவைக் கயிறும் எச்சரிக்கைப் பலகையும் இருந்தால் அதுதான் எல்லை.

கீழ்ப்பக்கம் இன்னும் மோசம். மதகடியில் மீன் கூடும் என்று வலையோடு நெருங்குகிறார்கள். மதகிலிருந்து விழும் தண்ணீர் அடிவரை போய்க் குத்தி மேலெழும். அதில் ஒரு பங்கு மேல்மட்டத்தில் மதகை நோக்கியே திரும்பி வரும். அகப்பட்ட பரிசலை அது மறுபடி மறுபடி அருவிக்கு அடியில் கொண்டு தள்ளும். நுரையில் காற்று கலந்திருப்பதால் துடுப்புக்குப் பிடி கிடைக்காது, உடம்பும் சரியாக மிதக்காது. நன்றாக நீந்துபவர்களும் செத்துப்போகும் இடம் இது.

லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டோ பக்கிளைப் போடாமலோ உட்கார்வதும் வழக்கமாகிவிட்டது. தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலே கழன்று போய்விடும். மாட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் வாரை இன்னும் இறுக்க வேண்டும். பரிசலில் எதிரெதிராக, அடித்தட்டில் தாழ்வாக உட்காருங்கள். செல்ஃபிக்காக ஒரே பக்கம் நான்கு பேர் எழுந்தால் கவிழ்ந்துவிடும்.

சைரன் கேட்டதும் செருப்பையும் பையையும் எடுக்கத் திரும்பாதீர்கள். நடு ஆற்றுப் பாறையில் ஏறி நிற்பதும் தப்பு. கரைக்கு வந்து மேட்டில் ஏறுங்கள். எல்லா முறையும் சைரன் ஊதும் என்று நம்பியும் இருக்க வேண்டாம். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ உடனே வெளியேறுங்கள்.

யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்க வேண்டாம். கயிறு, காலி கேன், சேலை, கையில் எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். ஒருவர் 112-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் மதகை மூடச் சொல்லக் கதவணைக்கு ஓடட்டும்.