புற ஊதா விளக்கு எரிந்தும் இறந்த கொடுவாக் குஞ்சுகள்

எங்கள் பொரிப்பகத்தில் ஆழ்துளைக் கிணற்று உவர்நீர், கிருமிகளைக் கொல்லும் புற ஊதாக் கருவி வழியாகவே தொட்டிகளுக்கு வந்தபோதும், கொடுவா மீன் குஞ்சுகள் இரை எடுக்காமல் இறந்துகொண்டிருந்தன. குஞ்சுகளுக்கு இரையாகும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உயிரியை மாற்றினோம், தொட்டிகளைக் குளோரினால் கழுவினோம், புது விளக்கும் போட்டோம், பலனில்லை. கருவிக்கு முன்னும் பின்னும் எடுத்த நீரை விப்ரியோ என்ற நோய்க்கிருமியை வளர்த்துக் காட்டும் டிசிபிஎஸ் ஊடகத் தட்டுகளில் பரப்பிப் பார்த்தபோது, இரண்டிலும் அது ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்திருந்தது. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வெளியே தெரியும் நீல ஒளி எதற்கும் சான்றாகாது. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையைக் கழற்றியபோது, ஈரத்தில் பளிங்காகத் தோன்றிய அது, காய்ந்த பிறகே கிணற்று நீரின் இரும்பும் சுண்ணாம்பும் படிந்த பழுப்புப் படலத்தைக் காட்டியது; கதிரை நீருக்குப் போகவிடாமல் தடுத்தது அதுதான். உறையைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துத் துடைத்து, கருவிக்கு முன்னால் 5 மைக்ரான் வடிகட்டியைப் பொருத்திய பின், வெளிவரும் நீரின் தட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய விப்ரியோப் புள்ளிகளே இருந்தன. அடுத்த தொகுதிக் குஞ்சுகள் இரை எடுக்கின்றன, பெரிய நிம்மதி.