ஸ்டேஜ் பியானோ வீட்டுக்கு வந்தாச்சு, எங்கே தொடங்குவது?

மும்பை செம்பூரில் எங்கள் வீடு நான்காவது மாடி. பியானோ வந்த அன்றைக்கென்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. இருபது கிலோப் பெட்டியை வாச்மேனும் நானும் படியில் தூக்கி வந்தோம். மூச்சு வாங்க உட்கார்ந்து, பிளக்கைச் செருகி, ஆசையாக ஒரு கட்டையை அமுக்கினால் சத்தமே இல்லை. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அரை மணி நேரம் போனது. ஸ்டேஜ் பியானோ பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. மேடையில் மிக்சரிலோ ஆம்பிலோ இணைத்து வாசிப்பதற்கென்றே செய்த மின்னணுக் கருவி அது.

அப்படி ஒன்றை வாங்கி வந்து முன்னால் உட்கார்ந்து விழிப்பவர்களுக்கும், கடையில் தொட்டுப் பார்த்து வாங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: முதல் நாளே உள்ளே இருக்கும் முந்நூறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். ஒரு வாரம் கழித்து எதுவுமே நினைவில் நிற்கவில்லை. இந்த ஒலிகளில் முக்கியமானவை எல்லாம் ஒரு காலத்தில் நிஜமான இயந்திரங்களிலிருந்து வந்தவை. அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று தெரிந்தால், விரல் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகப் பிடிபடும்.

முதல் படி: இடமும் இணைப்பும்

ஸ்டாண்டின் உயரம், உட்கார்ந்தால் முழங்கை கட்டைகளின் மட்டத்துக்கு வரும்படி இருக்கட்டும். 88 கட்டைக் கருவி எப்படியும் நாலடிக்கு மேல் நீளம். ஆகவே எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் என்றால் இரட்டைக் கம்பி உள்ளதாகப் பாருங்கள்; ஆடினால் எரிச்சல் வரும்.

ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். இதைக் கீழ் வீட்டுக் காகூ (மராத்தியில் சித்தி) சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு யாருக்கும் தொந்தரவு இல்லை என்று வாசித்துக்கொண்டிருக்க, அவர் வீட்டுக் கூரையில் ‘டொக் டொக்’ என்று ஒரே இடி. சத்தம் ஹெட்போனோடு நின்றாலும், கட்டை கீழே போய் முட்டுகிற அதிர்வு ஸ்டாண்ட் வழியாகத் தரைக்குள் இறங்கும். மறுநாள் காலை மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். பழைய யோகா பாயை நான்காக மடித்துப் போட்டதும் பெரும்பாலும் அடங்கியது.

ஹெட்போன் வயருள்ளதாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் விரல் பட்டு ஒரு கணம் கழித்துத்தான் ஒலி வரும், தாளமே கெட்டுவிடும். பல பியானோக்களில் இருப்பது 6.35 மில்லிமீட்டர் பெரிய ஜாக். மொபைலுக்கு வாங்கிய ஹெட்போன் என்றால் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும்.

ஒலியை நீட்டும் பெடலைச் செருகிய பிறகு பவர் போடுங்கள். போடும்போது பெடலில் கால் வைக்காதீர்கள். கால் வைத்திருந்தால் சில கருவிகள் அதையே பெடலின் இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்ளும். பிறகு மிதித்தால் ஒலி நிற்கும், காலை எடுத்தால் நீளும். இப்படித் தலைகீழாக நடந்தால் பயப்பட வேண்டாம், காலை எடுத்துவிட்டு அணைத்துப் போடுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் பெடலின் அடியில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: காசு வைத்துப் பாருங்கள்

சாதாரண கீபோர்டின் கட்டைக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கும். ஸ்டேஜ் பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சிறு சுத்தியலைத் தூக்குகிறது. அடிக்கக் கம்பி கிடையாது, கனத்துக்காக மட்டும் வைத்த சுத்தியல். கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை உள்ளே இருக்கும் சென்சார் அளந்து 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக மாற்றும். விரலில் எத்தனை உணர்ச்சி இருந்தாலும் கருவிக்குப் போய்ச் சேருவது முக்கியமாக அந்த எண்தான்.

இப்போது நடு சி கட்டையின் (கருவியின் நடுவே, இரண்டாகச் சேர்ந்த கறுப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை) முன் விளிம்பில் மஞ்சள் நிற ஐந்து ரூபாய்க் காசுகளை அடுக்குங்கள். 23 மில்லிமீட்டர் அகலமுள்ள பழைய காசு ஒன்று 6 கிராம். எட்டு ஒன்பது காசுகளை செலோடேப் போட்டு ஒட்டிக்கொண்டால் சரியாது. நிஜ பியானோவில் கட்டை மெல்ல இறங்கச் சுமார் 50 கிராம் வேண்டும், அதாவது எட்டு ஒன்பது காசு. உங்களுடையது பத்துப் பன்னிரண்டு கேட்டால் கொஞ்சம் கனமான கட்டை என்று அர்த்தம். பத்து ரூபாய்க் காசு வேண்டாம். அது கட்டையைவிட அகலம். பக்கத்துக் கட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும். நான் அதை வைத்துப் பார்த்துவிட்டு ‘கட்டை இறுகிவிட்டது’ என்று பதறியிருக்கிறேன்.

இடது கோடியில் இருக்கும் கட்டைக்கும் வலது கோடிக் கட்டைக்கும் இதையே செய்யுங்கள். இடது பக்கத்து மந்தரத்தில் கனம் கூடுதல், வலது பக்கத்துத் தாரத்தில் குறைவு. நிஜ பியானோவின் சுத்தியல்கள் அப்படி இருப்பதால் இங்கும் பல கருவிகளில் அப்படியே வைக்கிறார்கள்.

அடுத்து, அதே நடு சி-யை முன் விளிம்பில் ஒரு தரம், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ளே தள்ளி ஒரு தரம் அமுக்குங்கள். உள்ளே போகப் போகக் கனக்கும். ஏற்றமரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் நின்று மிதிப்பது போலத்தான். விலை குறைந்த கருவிகளில் கட்டையின் நீளம் குறைவு என்பதால் இந்த வேறுபாடு அதிகம் தெரியும். கடையில் பார்க்கப் போகிறவர்கள் இதை மறக்காமல் செய்து பாருங்கள்.

கனம் தெரிந்ததா? இனி விரலை அலைய விடலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் தருவது கறுப்புக் கட்டைகள். எஃப் ஷார்ப்பை, அதாவது மூன்றாகச் சேர்ந்த கறுப்புகளில் இடது கோடியில் இருப்பதை, ஸட்ஜமாக வைத்துக் கறுப்பை மட்டும் வரிசையாக வாசித்தால் மோகனம். அதே ஐந்து கட்டைகள்தான், அடுத்தடுத்த கறுப்பாக ஜி ஷார்ப்பில் தொடங்கினால் மத்யமாவதி, ஏ ஷார்ப்பில் ஹிந்தோளம், சி ஷார்ப்பில் சுத்த சாவேரி, டி ஷார்ப்பில் சுத்த தன்யாசி. தப்பாக ஒலிக்க வழியே இல்லை. பத்து நிமிஷம் அதில் சுற்றி வாருங்கள், விரலுக்குக் கூச்சம் போய்விடும். கமகம் வராது, கட்டையில் அதற்கு இடமில்லை. அதற்காக யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

மூன்றாம் படி: ஒரே ஒரு பியானோ ஒலி

முதல் பொத்தானில் இருக்கும் கிராண்ட் பியானோவில் ஒரு வாரமாவது இருங்கள்.

ஒரே கட்டையை ஐந்து விதமாகத் தட்டுங்கள்: தூசி தட்டுவது போல, கதவைத் தட்டுவது போல, இப்படி உங்கள் மனத்தில் தோன்றும் ஐந்து. பலம் கூடக் கூட அதிகமாவது சத்தம் மட்டுமில்லை. ஒலியின் நிறமே மாறும். மெல்லத் தட்டினால் இருட்டாக, கம்பளி போர்த்தியது போல இருக்கும். ஓங்கித் தட்டினால் உலோகப் பளபளப்பு வரும். இதற்காகத்தான் ஒரே ஸ்வரத்தைப் பல பலங்களில் அடித்துப் பதிவு செய்து அடுக்கி வைக்கிறார்கள். ஒரு பலத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது ஒலி சட்டென்று தாவினால், அடுக்குகள் குறைவு என்று தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் சரளி வரிசை. சி-யை ஸட்ஜமாக வைத்தால் மாயாமாளவகௌளையில் ரி-யும் த-வும் கறுப்புக் கட்டைகள். மெதுவாக ஏறி இறங்குங்கள். கறுப்புக்குப் போகும்போதெல்லாம் சத்தம் தூக்கலாக வருகிறதா? அது விரலின் குறை, நாளாவட்டத்தில் சரியாகும். எங்கே வாசித்தாலும் ஒன்று கத்துகிறது, இல்லையென்றால் முனகுகிறது என்றால் மட்டும் செட்டிங்கில் டச் என்பதைத் தேடுங்கள். லைட், மீடியம், ஹெவி என்று இருக்கும். கட்டையின் கனத்தை இது மாற்றாது. எந்த வேகத்துக்கு எந்த எண் என்பதைத்தான் மாற்றும். ஹெவி வைத்தால் உரத்த ஒலிக்கு இன்னும் ஓங்கித் தட்ட வேண்டும். மீடியத்திலேயே ஒரு மாதம் இருப்பது என் யோசனை.

எனக்கு மிகப் பிடித்த சோதனை இது. நடு சி-யைச் சத்தமே வராதபடி மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, அதாவது இடப்பக்கம் அடுத்து வரும் சி-யைப் பட்டென்று தட்டி விரலை எடுங்கள். கீழ் சி அடங்கிய பிறகு, நீங்கள் தட்டவே தட்டாத நடு சி மெல்லிசாக முனகினால் உங்கள் கருவி கம்பிகளின் ஒத்ததிர்வைக் கணக்குப் போடுகிறது. கீழ் சி-யின் ஒலிக்குள்ளேயே மேல் சி ஒளிந்திருக்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்பது போல. எதுவும் கேட்கவில்லை என்றாலும் குறையில்லை. சில கருவிகளில் அந்த வசதி இருக்காது, சிலவற்றில் அணைத்து வைத்திருக்கும்.

வலது கோடியில் இருக்கும் கடைசி ஒன்றரை ஸ்தாயிக் கட்டைகளில் விரலை எடுத்த பிறகும் ஒலி நிற்காமல் நீண்டால் பெடல் பழுது என்று நினைக்க வேண்டாம். நிஜ பியானோவில் அந்தக் கம்பிகளுக்கு ஒலியை அடக்கும் டாம்பர் கிடையாது. அதையும் உண்மையாகப் பின்பற்றுகிறார்கள்.

பெடலை ஒரே அடியாக மிதிக்காமல் கால்வாசி, அரைவாசி என்று மிதித்துப் பாருங்கள். ஒலி படிப்படியாக நீண்டால் அது அரைப் பெடல் தெரிந்த பெடல். இல்லையென்றால் வெறும் சுவிட்ச், ஒன்று நீளும் அல்லது நிற்கும்.

நான்காம் படி: மின் பியானோக்கள்

இப்போது ‘இ.பி.’ (எலெக்ட்ரிக் பியானோ) என்று எழுதிய பொத்தானுக்கு வரலாம். எல்லாம் ஒரே மாதிரி கிணுகிணுக்கிறது என்று நினைப்பவர்களுக்கு மூன்று சாதிகளைப் பிரித்துக் காட்டினால் போதும்.

ரோட்ஸ். இரண்டாம் உலகப் போரின்போது காயம்பட்ட வீரர்கள் படுக்கையிலேயே வாசிக்க ஹெரால்ட் ரோட்ஸ் என்ற அமெரிக்கர், போர் விமானங்களின் மிச்ச அலுமினியத்தைக் கொண்டு சிறு பியானோ செய்து கொடுத்தார். அந்த யோசனையிலிருந்து வளர்ந்த கருவி இது. கம்பிக்குப் பதில் மெல்லிய உலோகக் குச்சி. சுத்தியல் அதைத் தட்டும், மின் கிட்டாரில் உள்ளது போன்ற பிக்கப் ஒலியைப் பிடிக்கும். மெல்லத் தட்டினால் பூஜை மணி. ஓங்கித் தட்டினால் குச்சி பிக்கப்புக்கு முன்னால் வேகமாக ஆடி, உறுமும். அந்த எல்லை எங்கே என்று தேடுவதுதான் இதை வாசிக்கிற சுகம். மெல்லவே வாசித்துக்கொண்டு, ஒரு ஸ்வரத்தை மட்டும் உறும விட்டுப் பாருங்கள்.

வுர்லிட்சர். இதில் சுத்தியல் தட்டுவது ரீட் என்னும் உலோக நாக்கை. நம் ஹார்மோனியத்திலும் ரீட்தான். அங்கே காற்று ஊதும், இங்கே சுத்தியல் அடிக்கும். ரோட்ஸைவிடக் கரகரப்பானது, சீக்கிரம் அடங்கிவிடும். பெரிய ஸ்வரக்கூட்டமாக அமுக்கினால் கலங்கிப் போகும், இரண்டு மூன்று விரல் போதும்.

மூன்றாவதில் உலோகமே இல்லை. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, எஃப்.எம். முறையில் (ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து) கணக்காகவே உண்டாக்கிய ஒலி. கண்ணாடித் தம்ளரில் ஸ்பூன் தட்டியது போல முதலில் ஒரு ‘டிங்’ கேட்கும். எண்பதுகளின் மெல்லிசைக்காரர்கள் ஓயாமல் வாசித்தது இதைத்தான். எனக்கு அலுத்துவிட்டது, உங்களுக்கு அலுக்கும்வரை வாசியுங்கள்.

ஐந்தாம் படி: ஆர்கனும் கிளாவினெட்டும்

ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுத்து மெல்ல ஒரு தரம், ஓங்கி ஒரு தரம் தட்டுங்கள். இரண்டுக்கும் ஒரே சத்தம். இந்த ஒலிக்கு மூலமான ஹாமண்ட் ஆர்கனில் கட்டை ஒரு சுவிட்ச் போல. விரல் இருக்கும்வரை ஒலி, எடுத்ததும் போச்சு. அதனால் மூன்றாம் படியில் பழகியதை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஒரு விரல் எடுக்குமுன் அடுத்த விரலை வைத்து ஒட்டி ஒட்டி வாசிக்க வேண்டும். ரோட்டரி என்று ஒரு பொத்தான் இருந்தால் வேகத்தை மெதுவாகவும் விரைவாகவும் மாற்றிப் பாருங்கள். சுழலும் ஸ்பீக்கர் பெட்டியின் நகல் அது.

கிளாவினெட் நேரெதிர். கம்பியை ரப்பர் முனையால் அமுக்கி எழுப்பும் ஒலி. இதில் விரலை எப்போது எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சூடான தோசைக்கல்லைத் தொட்டது போல உடனே எடுங்கள்.

சுருதியும் வெளி ஸ்பீக்கரும்

பாடுகிறவருக்கு வாசிக்கப் போகிறீர்கள் என்றால் எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒரேயடியாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தெரிந்துகொள்ளுங்கள். பாடுகிறவர்கள் சொல்லும் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, ஐந்து ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். டிரான்ஸ்போஸை மைனஸ் 4 (நான்கு அரைச்சுரம் கீழே) வைத்துவிட்டு சி-யிலிருந்து வாசித்தால் ஐந்தரைக் கட்டை வந்துவிடும். முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டு வருவதை மறக்கக் கூடாது. அக்காவுக்கு வாசிக்க மாற்றி, அப்படியே செட்டிங்கில் சேமித்தும் விட்டு, மறுநாள் சொசைட்டி கணபதி விழாவில் புல்லாங்குழல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நான் தொடங்கியதும் அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதே விழாவில் இன்னொன்றும் நடந்தது. ஹெட்போனில் அற்புதமாக இருந்த பியானோ, ஒற்றை ஸ்பீக்கரில் தகர டப்பா போலக் கேட்டது. இடம், வலம் இரண்டு வயரையும் மிக்சரில் ஒன்றாகக் கலந்ததால், இரண்டு பக்க ஒலியும் சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ஒரே ஸ்பீக்கர் என்றால் ‘எல், மோனோ’ என்று எழுதிய ஜாக்கில் மட்டும் வயரைச் செருகுங்கள். மோனோவுக்கென்று தனியே ஒரு பியானோ ஒலி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பவர் போடும்போது பியானோவை முதலில், ஸ்பீக்கரைக் கடைசியில்; அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில். மாற்றிச் செய்தால் ‘டம்’ என்று ஒரு சத்தம் வரும்.

பிடித்த நான்கு ஒலிகளை நினைவுப் பொத்தான்களில் சேமித்துவிட்டு ஒரு முறை அணைத்துப் போடுங்கள். டச், டிரான்ஸ்போஸ் இரண்டும் நீங்கள் விட்ட இடத்தில் இருக்கின்றனவா, பூஜ்யத்துக்குப் போய்விட்டனவா என்று பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பியானோவின் அடியில் ஒட்டி வையுங்கள்.