கருமேகமும் வெண்மேகமும்: சூரிய ஒளிப் பிரதிபலிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் என்னும் மலைவிளிம்பு நடைபாதையில் நின்று கீழே பார்த்தால், சில நாள் பெரியகுளம் பக்கம் முழுக்க மேகம்தான். கண் கூசும் வெள்ளை. அதே நேரத்தில் பெரியகுளத்தில் அண்ணாந்து பார்ப்பவர், "கருமேகம் திரண்டிருக்கு" என்பார். இரண்டும் ஒரே மேகம். கருமேகம் ஒளியை விழுங்கிவிடுகிறது என்று நினைப்பதுதான் நான் அதிகம் கேட்கும் தவறு. தடித்த மேகத்தின் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து, பெரும்பகுதியை மேலேயே திருப்பிவிடுகின்றன. அடிப்பக்கம் வந்து சேரும் ஒளி கொஞ்சம்தான், அதனால் கீழிருந்து பார்க்கக் கருப்பு.

பூமிக்கு வரும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 30 சதவீதம் விண்வெளிக்கே திரும்பிப் போகிறது. துருவப் பனியும் பாலைவனமும்தான் இதைச் செய்கின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். புதுப்பனி 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பும், சரி. ஆனால் மொத்தக் கணக்கில் சுமார் முக்கால் பங்கு மேகமும் காற்றும் தூசியும் செய்யும் வேலை. நிலம், கடல், பனி எல்லாம் சேர்ந்தே கால் பங்குதான்.

பச்சை எல்லாம் ஒன்று என்று எண்ணுவதும் சரியல்ல. புல்வெளி சுமார் 20 சதவீதம் ஒளியைத் திருப்பும். அடர்காடு அதைவிடக் குறைவு. பழனி மலைப் புல்வெளிகளைத் தரிசு என்று நினைத்துச் சீகை எனப்படும் வாட்டில் மரமும் பைனும் தைலமரமும் நட்டபோது, நீர்க்கணக்கோடு இந்த ஒளிக்கணக்கும் மாறியது. அதற்காக "காடு சூடு, புல் குளிர்ச்சி" என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இலைகள் விடும் நீராவி வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. சோலைக்காட்டை ஒரே எண்ணால் அளப்பது பெரிய அநியாயம்.

கொடைக்கானலில் மார்கழியில் வானம் தெளிந்த இரவுகளில்தான் உறைபனி விழும், மேகம் மூடினால் விழாது. மேகம் கண்ணாடி மாதிரி வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அப்படியில்லை. தரை விடும் அகச்சிவப்புக் கதிரை மேகம் உள்வாங்கி, தானும் வெப்பக்கதிரை உமிழ்கிறது. அதில் ஒரு பங்கு கீழே வருகிறது. பகலில் நடக்கும் ஒளிச்சிதறல் வேறு, இது வேறு.

அப்புறம், படகு சவாரி போய் முகம் கறுத்தால் ஏரித் தண்ணீரைக் குறை சொல்வது. உச்சி வெயிலில் தண்ணீர் பத்தில் ஒரு பங்கு ஒளியைக்கூடத் திருப்பாது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும், முகத்தைக் கறுக்கவைக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிரில் அது நமக்குத் தெரிவதில்லை, மெல்லிய மூடுபனியும் அதைப் பெரிதாகத் தடுக்காது. காற்றில் சிதறி வானத்தின் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் தொப்பி மட்டும் போதாது, பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டையும் போட்டுவிடுங்கள்.