செருப்புக் கடித்த மிளகை அஜிலிட்டிக்குப் பழக்கிய கதை

மிளகு எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய். வீட்டுக்கு வந்த முதல் மூன்று மாதத்தில் நான்கு ஜோடி செருப்பைக் கடித்துத் துப்பினாள். அவளுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை, அதுதான் பிரச்சினை என்று எனக்குப் புரியவே நாளாயிற்று.

என்ன வேலை கொடுக்கலாம் என்று தேடியபோது இரண்டு கிடைத்தன. ஒன்று, சொன்னபடி கேட்டு நடக்கும் ஒபீடியன்ஸ். 1933-இல் அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி, தன் பூடில் நாய்களுக்கு அழகு மட்டுமல்ல, மூளையும் உண்டு என்று காட்டப் போட்டி நடத்தினார், அங்கிருந்து வளர்ந்தது. இன்னொன்று தடைகளைத் தாண்டி ஓடும் அஜிலிட்டி. 1978-இல் லண்டன் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டம் எழுந்து போகாமல் இருக்க, குதிரை தாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கிய வேடிக்கை அது. அஜிலிட்டியில் கயிறு இல்லாமல் ஓட வேண்டும். அதனால் ஒபீடியன்ஸில் தொடங்குங்கள்.

படி 1: உங்களைப் பார்க்க வைப்பது

கோழி ஈரலை உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவைத்து (வெங்காயம் நாய்க்கு விஷம்), பாதிக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லுங்கள். நாய் திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்த அதே நொடியில் ஒரு குறிச்சொல் (‘இதுதான், ஈரல் வருகிறது’ என்று நாய்க்குத் தெரிவிக்கும் சொல்), உடனே ஒரு துண்டு ஈரல். ஒரு வேளைக்கு மூன்று நிமிடம் போதும்.

குறிச்சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நான் முதலில் ‘சரி’ என்று வைத்தேன். ஃபோனில் யாரிடமாவது பேசினால் போதும், நான் ‘சரி சரி’ என்கிற ஒவ்வொரு முறையும் மிளகு ஓடிவந்து கையை முகர்ந்தாள். இப்போது ‘டிங்’.

படி 2: உட்கார், இரு, வா

ஈரலை மூக்கருகே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலாகப் பின்னால் நகர்த்துங்கள். தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் படும். டிங். இது பத்துத் தடவை தடங்கல் இல்லாமல் நடந்த பிறகுதான் ‘உட்கார்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், அதையும் ஒரே ஒரு முறை. ஐந்து தடவை கத்தினால், ஐந்தாவது தடவைக்குத்தான் உட்கார வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும்.

‘இரு’ பழக்கும்போது நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். பத்து விநாடி உட்கார்ந்த நாய், அணில் ஓடும்போதும் உட்காரும் என்று நினைக்க வேண்டாம். ‘வா’ என்று கூப்பிட்டு வந்த நாயை ஒருபோதும் திட்டாதீர்கள்.

படி 3: பக்கத்தில் நடப்பது

போட்டியில் நாய் உங்கள் இடது பக்கம், காலை ஒட்டி நடக்க வேண்டும். நான் வலது கையால் குறுக்கே நீட்டி ஈரல் கொடுத்தேன். மிளகும் அந்தக் கையைத் தேடி முன்னால் வளைந்து வளைந்து நடந்தாள், நான் இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். இடது கையால், பேன்ட்டின் தையல் ஓரத்திலேயே கொடுங்கள். நாய்க்குச் சாப்பாடு கிடைக்கிற இடம்தான் அதன் இடம்.

படி 4: தடைகள்

இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். இரண்டு பெயின்ட் வாளி, மேலே இடித்தால் விழுகிற மாதிரி ஒரு பிவிசி குழாய்: இது ஜம்ப். சாப்பாட்டு மேசையின் இரு பக்கமும் பழைய புடவையைத் தொங்கவிட்டால் டனல். எலும்பு முழுதாக வளரும்வரை குழாய் தரையிலேயே கிடக்கட்டும். எஃப்சிஐ (சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் போட்டிகளில் 18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்ப்பதில்லை.

சீசா பலகையில் பல நாய்கள் பயப்படுவது உயரத்துக்கு அல்ல, பலகை தரையில் அறையும் ‘டமால்’ சத்தத்துக்கு. முதலில் சுருட்டிய துண்டின் மேல் பலகையை வைத்து, அரை அங்குலம் மட்டும் ஆட விடுங்கள். போட்டிப் பலகைகளின் நுனியில் வேறு வண்ணம் இருக்கும். நாய் அங்கே கால் வைத்தே இறங்க வேண்டும். மேலிருந்து குதித்துத் தோளை உடைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி.

கடினமானது வீவ். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் 12 கம்புகள். முதல் கம்பு நாயின் இடது தோள் பக்கம் வருமாறு நுழைந்து, வளைந்து வளைந்து வெளியே வர வேண்டும். இரண்டு கம்பில் தொடங்குங்கள். எங்களுக்கு 12 வரை போக நான்கு மாதம் ஆயிற்று.

வெயிலில் வேண்டாம். மொட்டைமாடித் தரையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்குப் பயிற்சி இல்லை.

அப்புறம், நாய் உங்கள் வாயைவிட உங்கள் பாதத்தையும் தோளையும்தான் கவனிக்கும். பாதம் இடது பக்கம் திரும்பியிருக்க, வாய் ‘வலது’ என்றால், நாய் இடது பக்கம்தான் போகும். அதனால் நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் தடைகளைச் சுற்றி ஓடிப் பழகுங்கள். போட்டியிலும் அதற்கென்று நேரம் தருவார்கள். நான் கம்புகளைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, “என்னம்மா, ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்டார்.

படி 5: போட்டிக்குப் போவது

நாய் வளர்ப்போர் அமைப்பான கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. முதல் தடவை நாயை விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க மட்டும் போய்வாருங்கள். நாட்டு நாயைச் சேர்ப்பார்களா என்பது போட்டிக்குப் போட்டி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். களத்துக்குள் ஈரலும் கிடையாது, பொம்மையும் கிடையாது. எனவே அதற்கு முன்பே வீட்டில் ஐந்து வேலைக்கு ஒரு துண்டு, பத்து வேலைக்கு ஒரு துண்டு என்று குறைத்து வாருங்கள்.

எங்கள் முதல் ஓட்டத்தில் மிளகு ஒரு ஜம்பை அழகாகத் தாண்டினாள். இரண்டாவது ஜம்பின் அருகே நின்று, நிதானமாகச் சிறுநீர் கழித்தாள். விதிப்படி அத்தோடு ஆட்டம் முடிந்தது. இப்போதெல்லாம் எங்கள் முறை வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு, மைதானத்துக்கு வெளியே ஒரு மரமாகப் பார்த்து அழைத்துப் போய்விடுகிறேன்.