வன்னி வீடுகளின் மின்பட்டியலைக் குறைப்பதும் நாளைய மின்தேவைக்கு ஆயத்தமாவதும்

மின்பட்டியல் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் அடியிலுள்ள தொகைக்கே போகிறது. செலவைக் குறைக்க விரும்புகிறவர் அதற்கு முன்னர் பார்க்க வேண்டியவை அதே தாளில் உள்ள வேறு இரண்டு எண்கள்: பாவித்த அலகுகள் (ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்-மணி) எத்தனை, அவை எத்தனை நாளுக்குரியவை. வீட்டுப் பாவனைக்கான கட்டணம் இலங்கையில் படிமுறையாக அறவிடப்படுகிறது என்பதைப் பலரும் அறிவர். ஆனால் 60 அலகு என்ற படியைத் தாண்டும்போது, தாண்டிய அலகுக்கு மட்டுமன்றி, முதலாவது அலகிலிருந்தே விலை மாறிவிடுகிறது என்பதைப் பட்டியலைப் பார்த்துத் திகைத்த பின்னரே பெரும்பாலானோர் தெரிந்துகொள்கின்றனர்.

2025 ஜூன் மாதத் திருத்தத்தின்படி கணக்கிட்டுப் பார்ப்போம். முப்பது நாளில் 60 அலகு பாவித்த வீட்டுக்கு, முதல் 30 அலகும் 4 ரூபாய் 50 சதமாகவும் அடுத்த 30 அலகும் 8 ரூபாயாகவும், நிலையான கட்டணம் 210 ரூபாயுமாக, வரி நீங்கலாக 585 ரூபாய் வரும். அதே வீடு 61 அலகு பாவித்தால், முதல் 60 அலகும் 12 ரூபாய் 75 சதம் என்ற விலைக்கு ஏறி, நிலையான கட்டணமும் 400 ரூபாயாகி, ஏறக்குறைய 1,180 ரூபாய் கட்ட நேரிடும். ஒரேயொரு அலகு பட்டியலை இரட்டிப்பாக்குகிறது. 90, 120, 180 ஆகிய எல்லைகளிலும் நிலையான கட்டணம் எகிறுகிறது. 180ஐத் தாண்டியபின் பாவிக்கும் ஒவ்வோர் அலகும் 61 ரூபாய். மாதம் 200 அலகு பாவிக்கும் வீடு 120க்கு இறங்கினால், 7,800 ரூபாய் அளவில் இருந்த பட்டியல் 3,000 ரூபாய் அளவுக்கு வந்துவிடும்.

விலைகள் இனியும் மாறும். 2013ஆம் ஆண்டுக்குப் பின் ஒன்பது வருடங்கள் உயர்த்தப்படாதிருந்த கட்டணம், 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. அதன்பின் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதியோடு ஒரே ஆண்டிலேயே ஏறியும் இறங்கியும் வருகிறது. மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் நீர் குறைந்தால் எண்ணெயையும் நிலக்கரியையும் கூடுதலாக எரிக்க வேண்டியிருப்பதால் கட்டணம் ஏறும்; மன்னாரில் 103.5 மெகாவாற் காற்றாலைகளும் பளையில் வேறு காற்றாலைகளும் நம் கண்முன்னே சுழன்றாலும், கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆகவே ரூபாயை வைத்துத் திட்டமிடுவதைவிட அலகை வைத்துத் திட்டமிடுவதே நிலையானது. சிறிய குடும்பம் நாளொன்றுக்கு 2 அலகு என்பதையும், சற்றுப் பெரிய குடும்பம் 3 அல்லது 4 அலகு என்பதையும் இலக்காக வைத்துக்கொள்ளலாம். வாசிப்பு 33ஆம் நாளில் எடுக்கப்பட்டால் எல்லையும் 66 அலகாக நீளும் என்பதால், பயம் வேண்டியது நாட்கணக்கைப் பற்றியல்ல, தினசரிப் பாவனையைப் பற்றித்தான்.

மீற்றரிடம் கேட்டறிதல்

எந்தச் சாதனம் எவ்வளவு மின்சாரத்தை எடுக்கிறது என்பதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. புதிய டிஜிற்றல் மீற்றர்களின் முகப்பில் சிறிய சிவப்பு விளக்கொன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருக்கும். அதன் அருகிலேயே ஓர் அலகுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது, பெரும்பாலும் 1000 அல்லது 1600 என, அச்சிடப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அறிய விரும்பும் சாதனத்தை மட்டும் இயக்கி, கைத்தொலைபேசிக் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். 1600 என்று குறிக்கப்பட்ட மீற்றர் ஒரு நிமிடத்தில் 16 முறை மின்னினால், அந்தச் சாதனம் 600 வாற் எடுக்கிறது; 1000 என்று குறிக்கப்பட்டதில் 10 முறை மின்னினாலும் அதே 600 வாற்தான்.

இந்தச் சோதனையைத் தொடங்கும்போதே இன்னொன்றும் தெரியவரும். எல்லாச் சுவிச்சுகளையும் நிறுத்தி, செருகிகளையும் கழற்றிய பின்னரும் விளக்கு மின்னுமானால், எங்கோ மின்கசிவு இருக்கிறது அல்லது உங்கள் இணைப்பிலிருந்து வேறெங்கோ வயர் போயிருக்கிறது. மாரியில் சுவர் ஊறும் வீடுகளிலும், மீள்குடியேற்றக் காலத்தில் அவசரமாக வயரிங் செய்யப்பட்ட வீடுகளிலும் இது நடக்கக்கூடியது. பணத்தைவிட உயிருக்கே ஆபத்தான விடயம் என்பதால், தகுதியுள்ள மின்னிணைப்பாளரை உடனே அழைக்க வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இல்லாத வீடாயின் அதையும் அப்போதே பூட்டுவித்துக்கொள்வது நல்லது.

கிணற்று மோட்டர்

கொழும்பில் எழுதப்படும் சிக்கன ஆலோசனைகள் குளிரூட்டியையும் சுடுநீர்க் கருவியையும் முதலில் குறை சொல்லும். வன்னியில் பல வீடுகளில் அவை இரண்டும் இல்லை. இருப்பது கிணறும் மோட்டரும். ஒரு குதிரைவலு மோட்டர் மின்னிணைப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோவாற் எடுக்கும். அதை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் ஓடவிட்டால் மாதத்துக்கு 30 அலகு, அதாவது மலிவுப் படியில் பாதி, கிணற்றடியிலேயே முடிந்துவிடும்.

நல்ல நிலையிலுள்ள ஒரு குதிரைவலு மோட்டர், வழமையான ஆழமுள்ள கட்டுக்கிணற்றிலிருந்து 1000 லீற்றர் தாங்கியை அரை மணித்தியாலத்துக்குள் நிரப்ப வேண்டும். ஒரு மணித்தியாலம் எடுக்குமானால் காரணத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் வார்த்துத்தான் மோட்டரைத் தொடக்க வேண்டியிருந்தால், உறிஞ்சு குழாயின் அடியில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிகிறது. சில நூறு ரூபாய்களில் மாற்றக்கூடிய அந்தச் சாமானுக்காக மாதந்தோறும் அதைவிடக் கூடுதலாகக் கட்டுகிறவர்கள் பலர். குழாய் மோட்டரின் வாயைவிட ஒடுங்கியதாக இருப்பதும், தேவையற்ற முழங்கை வளைவுகளும், உறிஞ்சு குழாயின் பொருத்துக்களால் காற்று இழுப்பதும் மற்றைய காரணங்கள். சோழகக் காற்று வீசும் மாதங்களில் கிணற்று நீர் கீழிறங்கும்போது, மேலே தரையில் இருக்கும் மோட்டர் நீரை உறிஞ்சவே திணறும்; ஏழு மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திலிருந்து அத்தகைய மோட்டரால் நடைமுறையில் நீரெடுக்க முடியாது. அக்காலத்தில் மோட்டரைக் கிணற்றின் உள்விளிம்பில் தட்டொன்று கட்டிக் கீழிறக்குவது, கூடிய வலுவுள்ள புதிய மோட்டரை வாங்குவதைவிடச் சிறந்தது.

வீட்டுத் தேவைக்கும் தோட்டத்துக்கும் ஒரே மோட்டரையே பாவிப்பவர்கள் 60 அலகுக்குள் நிற்பது கடினம். கத்தரி, மிளகாய், கச்சான் என்று சிறிதளவேனும் செய்கை பண்ணுகிறவர்கள், தோட்டத்துக்கென வெயிலில் நேரடியாக இயங்கும் சோலார் மோட்டரொன்றைத் தனியே வைப்பது பற்றி யோசிக்க வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனபோது எண்ணெய் மோட்டர் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு மறந்திருக்காது. சோலார் மோட்டருக்குப் பற்றரி தேவையில்லை. வெயில் இருக்கும்போது நீரை உயரத்திலுள்ள தாங்கிக்கு ஏற்றி வைத்தால், மாலையில் சொட்டுநீர்க் குழாய் வழியே அது தானாக இறங்கும். மின்சாரத்தைச் சேமித்து வைப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நீரைச் சேமித்து வைக்கும் செலவு மிகக் குறைவு.

வீட்டுக்குள்ளே

மோட்டருக்கு அடுத்த பெரிய செலவு மின்விசிறி என்றால் நம்பாதவர்கள் உண்டு. சாதாரண கூரை மின்விசிறி 75 வாற் எடுக்கும். இரண்டு விசிறிகள் நாளுக்குப் பத்து மணித்தியாலம் சுழன்றால் மாதம் 45 அலகு. ரிமோட்டுடன் வரும் பீ.எல்.டீ.சீ. வகை (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதுவகை மோட்டர் கொண்ட) விசிறிகள் ஏறக்குறைய 30 வாற்றிலேயே அதே காற்றைத் தருவதால், இரண்டையும் மாற்றினால் 27 அலகு மிச்சம். பங்குனி, சித்திரை வெக்கையில் விசிறியை நிறுத்துமாறு ஒருவருக்குச் சொல்வது நியாயமாகாது, மாற்றுமாறு சொல்லலாம். தகரமும் அஸ்பெஸ்ரஸும் போட்ட கூரையின்மேல் கிடுகு பரப்பினால் அறையின் சூடு கண்கூடாகக் குறையும். தீயில் அகப்படாதவாறு அடுப்படிப் பக்கத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு றப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்தால் றப்பர் போய்விட்டது. பெட்டியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். அயன் பண்ணுவதை வாரத்தில் ஒரு நாளாக்குங்கள். பழைய குண்டு மின்குமிழ்கள் எஞ்சியிருந்தால் 9 வாற் எல்.ஈ.டீ. குமிழ்களாக்குங்கள். மின்கேத்தலைப் பற்றி வீணாகக் கவலைப்பட வேண்டாம்: ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைக்க அதற்கு அலகில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும்.

சூரிய மின்சாரம் யாருக்கு?

கூரையில் சோலார் பூட்டுமாறு கூறும் முகவர்கள் இப்போது முறிகண்டிக்கு அப்பாலும் உள்ளொழுங்கைகள்வரை வருகிறார்கள். என் கருத்து இதுதான்: மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீடு, மலிவுப் படியின் விலையையே கட்டுவதால், பட்டியலைக் குறைப்பதற்கென்று கடன்பட்டுச் சோலார் பூட்டுவதில் அர்த்தமில்லை. 120 அலகைத் தாண்டும் வீடுகளும், ஐஸ் விற்கும் கடைகளும், தையல் அல்லது தச்சுத் தொழில் நடக்கும் வீடுகளும் கணக்குப் பார்க்கலாம். வன்னியில் ஒரு கிலோவாற் பனல் சராசரியாக நாளுக்கு 4 அலகு தரும் என எடுத்துக்கொள்ளலாம். வாடைக் காற்றும் மழையும் உள்ள கார்த்திகை, மார்கழியில் அது வெகுவாகக் குறையும்.

மின்விநியோக நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தம் 20 வருடத்துக்குரியது. மிச்ச அலகை வரும் மாதங்களுக்கு எடுத்துச் செல்லும் நெற் மீற்றரிங், மிச்சத்துக்குப் பணம் தரும் நெற் அக்கவுண்டிங், உற்பத்தி முழுவதையும் விற்கும் நெற் பிளஸ் என அதில் வகைகள் உண்டு. 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாயும் பின்னர் 15 ரூபாய் 50 சதமும் என்றிருந்த கொள்வனவு விலை, அதன்பின் பலமுறை மாறியுள்ளது. எனவே முகவர் காட்டும் இலாபக் கணக்கை அப்படியே ஏற்காமல், ஒப்பமிடும் நாளில் நடைமுறையிலுள்ள விலையை மின்விநியோக நிறுவனத்தின் அலுவலகத்தில் நேரில் கேட்டு, அதை வைத்தே கடன் தவணையோடு ஒப்பிடுங்கள்.

முகவர்கள் பெரும்பாலும் தாமாகச் சொல்லாத ஒன்று உண்டு. பற்றரி இல்லாமல் இணைக்கப்படும் சாதாரண சோலார் தொகுதி, லைனில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியர்கள் மின்தாக்குதலுக்கு உள்ளாகாதிருக்கவே இந்த ஏற்பாடு. நடுப்பகலில் நல்ல வெயில் எறித்தாலும் கறண்ட் போனால் உங்கள் வீடும் இருளும். அத்துடன், 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் தேவை குறைந்து உற்பத்தி மிஞ்சியபோது, கூரைச் சோலார்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்கள் கேட்கப்பட்டார்கள். பகல் மின்சாரத்தை இரவுக்கு வைத்திருக்கக்கூடிய வீடுதான் இனிமேல் பயன்பெறும் என்பதால், இப்போது பூட்டுகிறவர்கள் பின்னர் பற்றரி சேர்க்கக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டரை (பனலின் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கேற்ப மாற்றும் கருவி) கேட்டு வாங்குவது நல்லது.

5 கிலோவாற்றுக்கு ஏறக்குறைய 25 சதுர மீற்றர் இடம் வேண்டும். அஸ்பெஸ்ரஸ் கூரையில் ஏறி நடக்கவும் முடியாது, துளையிடுவதால் கிளம்பும் தூசும் ஆபத்தானது. நம்மவர்களின் காணி அரை ஏக்கர், ஓர் ஏக்கர் என்று விரிந்திருப்பதால், பனையின் நிழல் விழாத இடத்தில் நிலத்திலேயே இரும்புச் சட்டம் கட்டி, தெற்கு நோக்கிப் பத்துப் பாகை அளவு சரித்துப் பூட்டலாம். மாடும் ஆடும் முட்டாதபடி வேலி வேண்டும். கோடையில் கிரவல் வீதித் தூசு படியும். பனல் சூடேறுமுன் விடியற்காலையில் வெறும் நீரால் கழுவினால் போதும்.

மின்வெட்டுக்கு மட்டும் ஆயத்தமாக விரும்புகிறவர்களுக்குச் சிறிய தொகுதியே போதுமானது. 30 வாற் விசிறி இரண்டு எட்டு மணித்தியாலம், நான்கு எல்.ஈ.டீ. குமிழ் நான்கு மணித்தியாலம், இணைய ரவுட்டர், தொலைபேசிகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 800 வாற்-மணி. இதற்கு 12 வோல்ற் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி ஒன்றும் 300 வாற் பனலும் ஈடுகொடுக்கும். அதே அளவுள்ள ஈய-அமிலப் பற்றரியை வாங்கினால், ஆயுளைக் காக்க அதன் பாதிக் கொள்ளளவையே பாவிக்க வேண்டியிருப்பதாலும், வன்னி வெக்கையில் அது விரைவில் தளர்வதாலும், மலிவு என்று நினைத்தது மலிவாக இராது. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கில் படித்த தலைமுறைக்கு இந்த அளவு வெளிச்சமே பெரிது என்றாலும், இணையவழி வகுப்பிலுள்ள பிள்ளைக்கு ரவுட்டர் நிற்காமல் இருப்பதே முக்கியம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களும் திருத்துகிறவர்களும், இன்றைய சாமான்களை மட்டும் பார்க்காமல், சில ஆண்டுகளில் வரக்கூடிய சலவை இயந்திரம், மின்சார மோட்டார் சைக்கிள், ஓர் அறைக்கான குளிரூட்டி ஆகியவற்றையும் எழுதி வைத்து வயரிங் செய்விக்க வேண்டும். 30 ஆம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு ஏறக்குறைய 6.9 கிலோவாற் வரையே தாங்கும். மோட்டர், அயன், குளிரூட்டி மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் அதில் ஏறக்குறைய பாதி முடிந்துவிடும். கூரையிலிருந்து மீற்றர்ப் பெட்டிவரை வெற்றுக் குழாயொன்றைச் சுவருக்குள் இப்போதே பதித்துவிட்டால், பின்னர் சோலார் வயரை இழுக்கச் சுவரை உடைக்க வேண்டியிராது. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியோடு கூடிய மழை பெய்யும் பிரதேசம் என்பதால், நிலத்தொடுப்புக் கம்பி ஈரமண் வரை இறங்கியிருக்கிறதா என்பதையும், மின்னல் அதிர்வைத் தடுக்கும் கருவி பெட்டியில் இருக்கிறதா என்பதையும், சாந்து பூசும் முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள்.