"படிச்சி என்னத்த கிழிச்சோம்"னு தோணுற அன்னிக்கு: கடலூர்லேருந்து பாண்டிக்கு ஒரு நாள் கணக்கு

நான் கடலூர் ஓ.டி.யில, அதாவது ஓல்டு டவுன்ல, ஒரு மண்டியில கணக்கு எழுதுற ஆளு, இருபத்திரெண்டு வருஷமா பேரேடும் ரசீதுமா ஓடிக்கிட்டிருக்கு, அதனால எந்த விஷயம் காதுல விழுந்தாலும் வரவு எவ்ளோ செலவு எவ்ளோன்னுதான் மனசு போவும். 2024 டிசம்பர் மொத வாரம், ஃபெஞ்சல் புயல் போன கையோட சாத்தனூர் அணையில தொறந்துவிட்ட தண்ணி தென்பெண்ணை வழியா வந்து எங்க தெருவுக்குள்ள நின்னுச்சி, வடிஞ்சப்பறம் பார்த்தா கீழ்த்தட்டு அலமாரியில இருந்த புக்கு பூரா ஊறி உப்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கெடக்கு. கரண்ட் வந்ததும் கூடத்துல ஃபேனுக்கு அடியில நானும் என் மச்சானும் ஒவ்வொண்ணா விரிச்சி நிறுத்திக்கிட்டிருந்தோம்.

இதை இங்கியே சொல்லிடறேன், யாருக்காவது ஒதவும். நனைஞ்ச புக்கை வெயில்ல போடாதீங்க, அட்டை வளைஞ்சி தாள் மொறமொறன்னு ஆயிடும். நெழல்ல, காத்துல, இருவது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் சொருகி, அது ஈரமானதும் மாத்திக்கிட்டே இருக்கணும், நியூஸ் பேப்பர் வெச்சா மை ஒட்டும். வழவழன்னு இருக்கிற கலர் தாள் புக்கைத்தான் மொதல்ல கவனிக்கணும், அது காய்ஞ்சி ஒட்டிக்கிச்சின்னா அவ்ளோதான், பிரிக்கவே முடியாது. ஒரே நாள்ல அத்தனையும் பார்க்க முடியலன்னா பாலிதீன் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சிடுங்க, பூஞ்சை புடிக்காது, அப்பறமா நிதானமா எடுத்துக் காய வைக்கலாம்.

அப்படி விரிச்சிக்கிட்டிருக்கும்போதுதான் மச்சான் கேட்டான், "ஏன் மாமா, இவ்ளோ புக்கு எழுதி இவ்ளோ படிச்சி மனுஷன் என்னத்த கிழிச்சிட்டான், ஏரிய தூத்து பிளாட் போட்டவனும் படிச்சவன், அதுக்கு கையெழுத்து போட்டவனும் படிச்சவன், குண்டு செய்யறவன் எல்லாரையும் விட ஜாஸ்தி படிச்சவன்." எனக்கு சட்டுனு பதில் வரல. அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுட்டு அந்தக் கேள்விய தூக்கிக்கிட்டு சுத்தினேன். உங்களுக்கும் அந்த மாதிரி மனசு கசந்து போற நாள் வந்தா, வீட்ல உக்காந்து செல்போன்ல நியூஸ் தள்ளிக்கிட்டு இருக்காம நான் பண்ண மாதிரி பண்ணிப் பாருங்கன்னுதான் இதை எழுதறேன்.

ஒரு எண்பது பக்க கோடு போட்ட நோட்டு வாங்கிக்கோங்க. எடது பக்கம் வரவு, அதாவது மனுஷன் ஆக்குனது. வலது பக்கம் செலவு, அழிச்சது. இது யாரு வேணா போடுவாங்க, ஆனா கணக்கு தெரிஞ்சவன் மூணாவதா ஒரு காலம், அதாவது இன்னொரு பத்தி போடுவான், வவுச்சர். அந்த சமாச்சாரம் நமக்கு எப்படித் தெரிஞ்சிது, யாரு எழுதி வெச்சாங்க, எங்க இருக்கு. வவுச்சர் இல்லாத என்ட்ரிய ஆடிட்டர் ஒத்துக்க மாட்டார், நீங்களும் ஒத்துக்காதீங்க. அப்பறம் "மனித குலம்", "நாகரிகம்"னு பொத்தாம்பொதுவா ஒரு வரி கூட எழுதாதீங்க, ஊரு, வருஷம், செஞ்சவன் யாரு, இது இருந்தாத்தான் என்ட்ரி.

திங்கக்கிழமை கெளம்பாதீங்க, பாண்டி மியூசியம் லீவு. காலையில வெயில் ஏறறதுக்குள்ள தேவனாம்பட்டினம் போயிடுங்க. சில்வர் பீச்சுல சுண்டல்காரங்க வர்றதுக்கு முன்னாடி கெடிலம் பக்கமா நடந்தீங்கன்னா செயின்ட் டேவிட் கோட்டை இருந்த எடம். "எங்கடா கோட்டை"ன்னு கேப்பீங்க, அதான் மேட்டரே, பெருசா ஒண்ணும் மிச்சம் கெடையாது. 1690ல இங்கிலீஷ்காரன் மராட்டியர்கிட்ட வெலைக்கு வாங்கினான், கோட்டையிலேருந்து பீரங்கி சுட்டு குண்டு விழுந்த தூரம் வரைக்கும் எங்களுதுன்னு எல்லை போட்டுக்கிட்டான், குண்டு உப்பலவாடின்னு ஒரு ஊர இன்னிக்கும் சொல்றோமே, அந்தக் குண்டு இந்தக் குண்டுதான். 1758 ஜூன்ல ஃபிரெஞ்சு தளபதி லாலி வந்து புடிச்சி கோட்டைய தரைமட்டமா இடிச்சிட்டான். செலவுல எழுதிக்கோங்க, முதல் என்ட்ரி.

இங்க எல்லாரும் ஒரு தப்பு பண்ணுவாங்க, நானும் பண்ணேன், சுனாமியையும் செலவுல எழுதிட்டேன். 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை இந்தக் கரையில நடந்தத கண்ணால பார்த்தவன் நான், ஆனா கடல் பண்ணத மனுஷன் கணக்குல ஏத்தக்கூடாது, அடிச்சிட்டேன். எழுத வேண்டியது வேற. சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்து அலை நம்ம கரைக்கு வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் கிட்ட ஆச்சி, அந்த ரெண்டு மணி நேரமும் வலை பிரிச்சிக்கிட்டிருந்தவங்களுக்கு சொல்ல ஒரு ஆளு கெடையாது. 2007ல ஹைதராபாத்துல சுனாமி எச்சரிக்கை மையம் வந்துச்சி, கடலுக்கு அடியில நடக்கறத அளந்து, படிச்சி, கரைக்குச் சொல்றதுக்குன்னே ஆளுங்க உக்காந்திருக்காங்க. அது வரவு.

டைம் இருக்கிறவங்க சிதம்பரம் ரோட்ல சிப்காட் தொழிற்பேட்டை பக்கமும் போய்ட்டு வரலாம். ஆலைக்கழிவு கலந்து உப்பனாறு என்ன ஆச்சின்னு உங்களுக்கே தெரியும், செலவுல ஒரு பக்கம் போட்டாலும் பத்தாது. ஆனா அங்க மூணாவது காலத்தைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தேன். 2000க்கு அப்பறம் அந்த கிராமத்து ஜனங்க எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன மாதிரி நாத்தம், கண்ணு எரிஞ்சிதா தொண்டை எரிஞ்சிதான்னு பதிஞ்சாங்க, பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள்ள பைய வெச்சி காத்தைப் புடிச்சி லேபுக்கு அனுப்பினாங்க. பெரிய படிப்புக்காரங்க கெடையாது. வெறும் "நாத்தம் அடிக்குது சார்"னு போய் நின்னா தொரத்தி விட்ருவாங்க, தேதி போட்ட பேப்பரோட வந்தவனை அப்படி தொரத்த முடியாது.

மஞ்சக்குப்பம் வந்து பாண்டி பஸ் ஏறுங்க. பாண்டி போறேன்னு சொன்னா நம்ம ஊர்ல ஒரே ஒரு காரணம்தான் நெனைப்பாங்க, ஆல்பேட்டை செக்போஸ்ட்ல திரும்பி வரும்போது பைய தடவத்தான் செய்வாங்க, நோட்டைக் காட்டுங்க. ஜன்னல் சீட் புடிச்சி கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டுனா அரியாங்குப்பம். அங்க எறங்கி ஆத்தோரம் போனா அரிக்கமேடு, 1945ல வீலர்ங்கிற தொல்லியல் ஆராய்ச்சியாளர் தோண்டின எடம், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமோட யாவாரம் நடந்த ஊரு. எடத்துல மேடும் தோப்பும்தான், அதனால எறங்காட்டியும் பரவால்ல, கெடச்ச சாமான்ல நெறைய பாண்டி மியூசியத்துல இருக்கு. இதுல எனக்குப் புடிச்சது ரோமன் ஜாடி இல்ல, இந்த மாதிரி எடத்துல கெடைக்கிற ஒடைஞ்ச பானை ஓட்டுல தமிழ் பிராமியில, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துல, கீறி வெச்சிருக்காங்க பாருங்க, அது. பானை ஒடைஞ்சிடுச்சி, யாவாரம் போச்சி, ஊரே போச்சி, சட்டி யாருதுன்னு கீறின எழுத்து மட்டும் நிக்குது. நம்ம வீட்டு எவர்சில்வர் குடத்துல பேர் வெட்டற மாதிரிதான். வரவுல எழுதுனேன்.

இப்ப பாண்டி டவுன். மிஷன் வீதியில சம்பா கோயில் வாசல்ல ஒரு அஞ்சு நிமிஷம் நில்லுங்க, இந்த நோட்டுலயே கஷ்டமான பக்கம் இதுதான். இந்த சர்ச்சுக்குப் பக்கத்துலதான் பழைய வேதபுரீஸ்வரர் கோயில் இருந்துச்சி, 1748ல இங்கிலீஷ்காரன் முற்றுகை நேரத்துல அதை ஃபிரெஞ்சுக்காரன் இடிச்சிட்டான். பன்னெண்டு வருஷம் கழிச்சி, 1761 ஜனவரியில இங்கிலீஷ்காரன் பாண்டிய புடிச்சி, கடலூர்ல நம்ம கோட்டைய இடிச்சதுக்கு பதிலுக்கு பதில்னு ஊர் மொத்தத்தையும் வீடு வீடா இடிச்சான், கோயிலை இடிச்ச எடத்துக்குப் பக்கத்துல நின்ன சர்ச்சும் அதுல போச்சி. இப்ப நீங்க பாக்கறது 1791ல கட்டி முடிச்சது. வேதபுரீஸ்வரரும் வேற எடத்துல திரும்ப வந்துட்டார், ஈஸ்வரன் கோயில் வீதியில போய் கும்பிட்டுக்கலாம். இடிச்சவன் ரெண்டு பேருமே நல்லா படிச்சவன், மச்சான் சொன்னது வாஸ்தவம்.

அடுத்து நடந்து ரங்கப்பிள்ளை வீதி, பெரிய மார்க்கெட் கூட்டம், மீன் வாசனை, ஸ்கூட்டர் ஹாரன், இதுக்கு நடுவுல ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. வெளிய நின்னே பாருங்க போதும். ஃபிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்த்து நடுவுல நின்னு பேசற ஆளா இருந்தவர், யாவாரி. 1736லேருந்து 1761 வரைக்கும், இருபத்தஞ்சு வருஷம் கிட்ட, டைரி எழுதினார், அதுவும் பேச்சுத்தமிழ்ல, நம்ம பேசற மாதிரி. எந்தக் கப்பல் வந்துச்சி, துணி என்ன வெல, கவர்னர் பொஞ்சாதி என்ன சொன்னா, யாரு யாருக்கு லஞ்சம் குடுத்தான், வேதபுரீஸ்வரர் கோயில எப்படி இடிச்சாங்க, ஏழை ஜனங்கள புடிச்சி அடிமையா கப்பல் ஏத்தினது, எல்லாம் உண்டு. அவர் ஒண்ணும் சாமியார் இல்ல, அந்த சர்க்கார்ல சம்பாதிச்சவர்தான், அதையும் சேத்துத்தான் எழுதிக்கணும். ஊர் விழறதுக்கு சில நாள் முன்னாடி கண்ண மூடிட்டார். அப்பறம் ஊரையே இடிச்சான், டைரி தப்பிச்சிது. கோயில இடிச்சதுக்கு வவுச்சர் எங்கன்னு பார்த்தா, இடிபட்ட ஊர்க்காரன் எழுதின பக்கம்.

எனக்கு வெளங்கினது அந்த மார்க்கெட் வாசல்லதான், ஒரு சர்பத் குடிச்சிக்கிட்டே நோட்டைத் திருப்பிப் பார்த்தப்போ. நான் படிப்ப வரவுல எழுதி எழுதி கணக்கு உதைச்சிக்கிட்டே இருந்துச்சி. படிச்சவன் நல்லவன் ஆவான்னு நெனச்சி அதை வரவுல போட்டா, படிச்சவன் பண்ண அக்கிரமம் ஒவ்வொண்ணும் அந்தத் தொகைய தின்னுட்டுப் போவுது. படிப்பு வரவே இல்ல, செலவும் இல்ல, அது வவுச்சர் ஃபைலு. ஃபைல் வெச்சிருக்கிற கடையில திருட்டு நடக்காதுன்னு இல்ல, ஆனா நடந்தா தெரியும். 1981ல யாழ்ப்பாணத்துல நூலகத்த கொளுத்தினாங்களே, கிட்டத்தட்ட 97,000 புக்கு, எதுக்கு? வெறும் காயிதத்து மேல யாருக்கும் கோவம் வராது. கணக்கு நோட்டைக் கொளுத்தறவன் எவன்னு எந்த மண்டியிலயும் கேட்டுப் பாருங்க, சொல்லுவாங்க.

ஆனா கொளுத்தறதுக்கு ஒரு ராத்திரி போதும், வெச்சிக் காப்பாத்தறதுக்குத்தான் ஆளு வேணும். இதைப் பாக்க செயின்ட் லூயி வீதிக்குப் போங்க, ஃபிரெஞ்சு இன்ஸ்டிடியூட் அங்க இருக்கு, 1955ல ஆரம்பிச்சது, ஏடு பாக்கணும்னா முன்னாடியே கேட்டுட்டுப் போங்க, அது ஆராய்ச்சி பண்றவங்க எடம். பாண்டியில இருக்கிற சைவச் சுவடிங்க மொத்தம் 11,000, 2005ல யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியல்ல சேத்தாங்க. பனையோலை நம்ம ஊர் புழுக்கத்துல எரநூறு முன்னூறு வருஷம் தாங்கினா பெருசு, பூச்சி அரிக்கும், ஓரம் ஒடையும். அதனால ஒவ்வொரு நாலஞ்சு தலைமுறைக்கும் ஒருத்தன் உக்காந்து எழுத்தாணியில கீறி, கரி தடவி, பழசப் பார்த்து புதுசு எழுதணும். நடுவுல ஒரே ஒருத்தன் "எனக்கெதுக்கு"ன்னு விட்டுட்டா சங்கிலி அறுந்துச்சி. எதிரிதான் அழிக்கணும்னு இல்ல, ஆடிப்பெருக்கு அன்னிக்கு பழைய ஏட்ட ஆத்துல விட்டா புண்ணியம்னு பக்தியா விட்டவங்க நம்ம ஆளுங்கதான். அதை செலவுல எழுதும்போது எனக்கு கொஞ்சம் கை கூசுச்சி.

அப்படியே பக்கத்துல பாரதி பூங்காவுல சாப்பாட்டுப் பொட்டலத்த பிரிச்சி சாப்ட்டுட்டு, ரோமன் ரோலன் நூலகத்துல சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்காருங்க. 1827லேருந்து இருக்கிற லைப்ரரி. பேப்பர் படிக்க வர்ற பெருசுங்க, போட்டித் தேர்வுக்கு படிக்கிற பசங்க, யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க. அங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, உங்களுக்குப் புடிச்ச ஏதாவது பழைய புக்குல ஒரு பக்கத்த கையால காப்பி பண்ணுங்க. போட்டோ எடுக்காதீங்க. நான் பண்ணப்போ அரை பக்கத்துலயே விரல் வலிச்சிது, வீட்டுக்கு வந்து ஒத்துப் பார்த்தா மூணு தப்பு, ஒரு வரி அப்படியே விட்டுப்போச்சி. ஏடு எழுதினவங்க கடைசியில பிழை இருந்தா பொறுத்துக்கோங்கன்னு எழுதி வெச்சிருப்பாங்க, அது ஏன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சிது.

ராத்திரி வீட்ல மச்சான் நோட்டை வாங்கிப் பார்த்தான். "டோட்டல் எங்க மாமா?" டோட்டல் போடலடா, வரவும் செலவும் ஒரே எனம் இல்ல, அரிசிய லிட்டர்ல கூட்ட முடியுமான்னேன். முணுமுணுத்துக்கிட்டே பேனாவ எடுத்து செலவுல அந்த ஏரி பேர எழுதினான், மூணாவது காலத்துல வந்து நின்னுட்டான். "இதுக்கு வவுச்சர் எங்க இருக்கும்?"

தாலுகா ஆபீஸ்ல. சர்வே நம்பர் தெரிஞ்சா அ-பதிவேட்டு நகல் தமிழ்நாடு அரசோட இ-சேவை வெப்சைட்லயே வரும், அந்த நெலம் என்ன வகைன்னு அதுல இருக்கும், ஏரின்னா நீர்நிலைப் புறம்போக்குன்னு போட்டிருக்கும். பழைய கிராம வரைபடம் வேணும்னா தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடலாம், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டணும், கேள்விய சின்னச் சின்னதா பிரிச்சி நம்பர் போட்டு கேளுங்க, முப்பது நாள் டைம். மனுவ ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு அந்த ரசீத நோட்டுலயே ஒட்டிடுங்க, மச்சான் எங்கியோ போட்டுட்டு ரெண்டு நாளா தேடிக்கிட்டிருந்தான்.